பினாங்குக் கொடிமலை: இழுவை ரயிலா, ஜீப் பாதையா, காட்டு வழியா?

மலேசியாவின் பினாங்குக்கு வருகிறவர்கள் கொடிமலைக்கென்று (பெனாங் ஹில்) அரை நாள் ஒதுக்குவது வழக்கம். அந்த அரை நாள் மலைமேல் கழியுமா, அடிவாரத்து வரிசையில் கழியுமா என்பது இரண்டு முடிவுகளைப் பொறுத்தது. எந்த வழியாக ஏறுவது என்பது ஒன்று. எத்தனை மணிக்கு அடிவாரத்தில் நிற்பது என்பது மற்றொன்று. வழியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். மணியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பணமும் பொழுதும் வீணாவது பெரும்பாலும் மணியில் கோட்டை விடுவதால்தான்.

கொடிமலை ஒற்றைச் சிகரம் அல்ல. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்கு மேற்கே, ஆயர் ஈத்தாம் என்ற புறநகருக்குப் பின்னால் எழும் குன்றுகளின் கூட்டம் அது. அவற்றில் உயரமானது மேற்குக் குன்று, 833 மீட்டர். ரயில் கொண்டுவிடும் மேல் நிலையம், கடைகள், முருகன் கோயில், பள்ளிவாசல் எல்லாம் அதைவிடச் சற்றுத் தாழ்வாக, 700 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன. ஏறுவதற்கு முக்கியமாக இரண்டு அடிவாரங்கள் உண்டு. ஒன்று ஆயர் ஈத்தாம் பக்கம். ரயிலின் கீழ் நிலையம் அங்கேதான். மற்றது தாவரவியல் பூங்காப் பக்கம். ஜீப் பாதையும் மூன் கேட் காட்டு வழியும் அங்கிருந்து தொடங்குகின்றன. இரண்டு அடிவாரங்களுக்கும் நடுவே சாலை வழியாகப் பல கிலோமீட்டர் இருக்கிறது. பூங்கா வாசலில் காரை நிறுத்திவிட்டு மலையேறி, ரயிலில் இறங்குகிறவர் ஆயர் ஈத்தாமில் வந்து நிற்பார். கார் வேறொரு பக்கம் இருக்கும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இழுவை ரயில்

இந்த ரயில் பாதைக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1897-இல் தொடங்கிய முதல் முயற்சி உருப்படவில்லை. இரண்டாவது முயற்சியில் கட்டிய பாதை 1923-இல் ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் அது இரண்டு துண்டுகளாக இருந்தது. பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். உச்சிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். 2010-இல் அந்தப் பழைய ரயிலை நிறுத்தி, அடியிலிருந்து உச்சி வரை ஒரே ஓட்டமாகப் போகும் புதிய ரயிலை 2011-இல் விட்டார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தண்டவாளத்தை இது ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறது.

பழனி விஞ்ச்சில் போனவர்களுக்கு இதன் இயக்கத்தை விளக்கத் தேவையில்லை. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். நடுவில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று கடக்கும். வரிசை ஏன் அவ்வளவு நீள்கிறது என்பதற்கும் இதுவே விடை. கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்காக மூன்றாவது வண்டியை இறக்க முடியாது. ஒரு வண்டி சுமார் நூறு பேரைக் கொள்ளும். கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு நானூறு பேர்தான் ஏற முடியும். கூட்ட நாட்களில் இடைவெளியைக் குறைத்து ஓட்டுகிறார்கள் என்றாலும் ஓர் எல்லைக்கு மேல் குறையாது. உங்களுக்கு முன்னால் ஐந்நூறு பேர் நின்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

விரைவு வரிசைச் சீட்டையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணச் சீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. வெளிநாட்டவருக்கு அந்த வித்தியாசம் நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் கணிசமான தொகை. விரைவு வரிசைக்காரர்களுக்கென்று தனி வண்டி கிடையாது. அதே நூறு இடங்களில் அவர்களை முதலில் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். எனவே வரிசையே இல்லாத புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்தச் சீட்டால் எந்தப் பயனும் இல்லை. சனி, ஞாயிறு, மலேசியப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு வாரம் ஆகியவற்றில் காலை ஒன்பதரைக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையே அடிவாரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றால் அது கொடுத்த காசுக்குத் தகும். சுற்றுலாக் கப்பலில் வந்து மாலையே கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும் தகும். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்திருப்பதே மேல். வாங்குவதென்று முடிவு செய்தால், அந்த முன்னுரிமை இறக்கத்துக்கும் சேர்த்தா என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். மாலையில் மேல் நிலையத்தில் நிற்கும் வரிசை காலை வரிசையைவிடச் சலிப்பூட்டும்.

சீட்டை இணையத்தில் வாங்கினால் கவுண்டர் வரிசையைத் தவிர்க்கலாம். வண்டி ஏறும் வரிசையைத் தவிர்க்க முடியாது. இரண்டும் வேறு வேறு வரிசைகள் என்பது தெரியாமல் ‘ஆன்லைனில் வாங்கிவிட்டோமே’ என்று வாதாடுகிறவர்களைக் கூட்ட நாட்களில் பார்க்கலாம். மலேசியர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதற்கு மைகாட் என்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், குழந்தைகளுக்கு மைகிட் அட்டை. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் சலுகைக்கு வாதாட வேண்டியிருக்கும்.

வண்டியின் தரை படிப்படியாக அமைந்தது, நடைமேடையும் அப்படியே. நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் கீழ்முனைக் கண்ணாடி அருகே நில்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதுவே நல்ல இடம். மேல்முனையில் நின்றால் எதிரே வரும் தண்டவாளத்தையும், 79 மீட்டர் நீளச் சுரங்கத்தையும், வழியில் கடந்து போகும் இன்னொரு வண்டியையும் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். அந்த இரண்டு முனைகளும் வேண்டுமென்றால் நெருக்கி ஏறாமல் அடுத்த வண்டிக்கு முதல் ஆளாக நிற்கலாம். சில நிமிடங்களில் பல நூறு மீட்டர் உயர்வதால் காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் புட்டியோ பாலோ கொடுத்தபடி ஏறுவது நல்லது. சளி பிடித்திருக்கும் குழந்தை அழுவது பெரும்பாலும் இதனால்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கீழ் நிலையத்துக்குள் நுழைந்ததுமே ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும். படிகள் வழியாகப் போகாமல் அழைத்துச் செல்வார்கள்.

கீழ் நிலையத்துக்கு ராபிட் பினாங்கு நிறுவனத்தின் 204 எண் பேருந்து போகிறது. ஜார்ஜ்டவுன் படகுத்துறையான ஜெட்டியிலிருந்து புறப்பட்டு, நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரம் வழியாக வரும். ஆயர் ஈத்தாம் நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சில்லறை சரியாக வைத்திருங்கள். மூன்று நான்கு பேர் என்றால் கிராப் செயலியில் அழைக்கும் வாடகை வண்டிதான் சுலபம். சொந்தக் காரில் வந்தால் வார இறுதியில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. அடிவாரத்துச் சாலை ஒடுக்கமானது, ஒன்பது மணிக்கு மேல் நகராது.

ரயிலுக்குப் பராமரிப்பு நாட்களும் உண்டு. அவ்வப்போது சில நாட்கள் முழுதாக நிறுத்துவார்கள்; தேதிகளை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். விமானச் சீட்டு எடுக்கும் முன்பு பார்க்காவிட்டாலும், விடுதியிலிருந்து கிளம்பும் முன்பாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீப் பாதை

தாவரவியல் பூங்காவின் வாசலருகே தொடங்கி உச்சி வரை போகும் 5.1 கிலோமீட்டர் தார்ச்சாலை இது. மலைமேல் இருப்பவர்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வண்டிகள் போகும் பாதை. அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே ஓடும். பயணிகள் ஏறிக்கொள்ளலாம் என்று எண்ணி வர வேண்டாம். நடக்கிறவர்களுக்குத் தடை இல்லை. விடியற்காலையில் பினாங்கு மக்கள் பலர் தினப் பயிற்சியாகவே இதில் ஏறுகிறார்கள்.

ஐந்து கிலோமீட்டர்தானே என்று நினைப்பதுதான் இங்கே முதல் பிசகு. ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தை இந்தத் தூரத்துக்குள் ஏறியாக வேண்டும். சராசரியாக நூறு மீட்டர் நடந்தால் 13 மீட்டர் உயர்கிறோம். வளைவுகளில் இன்னும் செங்குத்து. நடந்து பழகியவருக்கு இரண்டு மணி நேரம், பழகாதவருக்கு மூன்று. வழி தவறுவதற்கு இடமில்லை என்பது இதன் பெரிய நன்மை. தனியாக வருகிறவர், பெண்கள் மட்டும் சேர்ந்து வருகிறவர், முதல் தடவை மலையேறுகிறவர் ஆகியோருக்குக் காட்டு வழியைவிட இதையே சொல்ல வேண்டும். மழை பெய்தாலும் சேறு இருக்காது. ஆனால் நிழலான வளைவுகளில் பாசி படிந்திருக்கும். வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். வளைவுகளில் வண்டி வரும் ஓசை கேட்டால் ஓரமாக நின்றுவிடுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுப்பது ஓட்டுநருக்குச் சிரமம்.

இதன் குறை சலிப்பு. சாலைதானே, எதிரே அடுத்த வளைவு மட்டும்தான் தெரியும். ஏறும்போது கெண்டைக்கால் வலிக்கும், இறங்கும்போது முழங்கால். கடினமான தரையில் செங்குத்தாக ஐந்து கிலோமீட்டர் இறங்குவது மூட்டுக்கு நல்லதல்ல. மூட்டுத் தொல்லை உள்ளவர் ஏறலாம், ஆனால் இறங்குவதற்கு ரயிலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவழிச் சீட்டு மேல் நிலையத்தில் கிடைக்கும்.

ஏறக்குறைய பாதி வழியில் 84 என்ற எண்ணால் அறியப்படும் ஓய்விடம் இருக்கிறது. தன்னார்வலர்கள் அங்கே மலையேறுகிறவர்களுக்குத் தேநீர் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். அதை நம்பித் தண்ணீர் எடுக்காமல் கிளம்பக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குறைந்தபட்சம். ஒன்பது மணிக்கு மேலும் ஏற்றத்தில் இருப்பீர்கள் என்றால் இரண்டு லிட்டர். பினாங்கின் ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. எனவே வெயில் குறைவாகத் தெரிந்தாலும் தலைசுற்றல் வரும். தண்ணீரோடு உப்புச் சேர்ந்த ஏதேனும் தின்பண்டமும் பையில் இருக்கட்டும்.

2017 நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் இந்தச் சாலை பல இடங்களில் சரிந்து, நெடுநாள் மூடிக் கிடந்தது. அடைமழைக்குப் பின் எந்த மலைப்பாதைக்கும் இந்த ஆபத்து உண்டு. தடுப்பு வைத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

மூன் கேட் காட்டு வழி

பூங்காவுக்குச் சற்று முன்பாகவே, சாலையோரம் வட்ட வாசல் உள்ள பழைய சுவர் தெரியும். காட்டு வழி அங்கே தொடங்குகிறது. நடக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடிமலையில் இதைவிட நல்ல வழி இல்லை. உயர்ந்த மரங்களின் நிழல் பெரும்பகுதி தூரமும் இருக்கும்; ஜீப் பாதையைவிடக் குளுமை. முகத்தில் வெள்ளை வளையக் கண்களோடு இருக்கும் கருங்குரங்குகள் கிளைகளில் அமைதியாக இலை தின்பதைக் காலையில் பார்க்கலாம்.

வழி மூன்று கட்டங்களாகப் போகிறது. மூன் கேட்டிலிருந்து ஐந்தாம் நிலையம் என்ற ஓய்விடம் வரை வேரும் படியும் கலந்த ஏற்றம். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அங்கிருந்து மேலே ஏறி 84-இல் ஜீப் பாதையைத் தொடுவது இரண்டாம் கட்டம். மீதி முழுதும் ஜீப் பாதைதான். ஆக மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். உச்சிவரை காட்டுக்குள்ளேயே போகலாம் என்ற எண்ணத்தில் வருகிறவர்களுக்குக் கடைசிக் கட்டம் ஏமாற்றமாக இருக்கும். செங்குத்தான சாலையும் வெயிலும் சேர்ந்து களைப்பைக் கூட்டுவது அங்கேதான். பலத்தை அதற்காக மிச்சம் வைத்து ஏறுங்கள்.

ஐந்தாம் நிலையத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பல பாதைகள் அங்கே கூடுகின்றன. ஒன்று பூங்காப் பக்கம் இறங்கிவிடும். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மலை மடிப்புகளில் சிக்னல் இருக்காது. சந்தேகம் வந்தால் அங்கே இளைப்பாறும் உள்ளூர்க்காரர்களிடம் ‘84’ என்று சொன்னால் போதும், கை காட்டுவார்கள். தனியாகப் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் காட்டு வழியில் தொடங்காதீர்கள்: பிற்பகல் இடிமழை பினாங்கில் சாதாரணம், நனைந்த வேரில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும்.

பூங்கா வாசலைச் சுற்றி நீண்ட வால் குரங்குகள் கூட்டமாகத் திரியும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அதில் தின்பண்டம்தான் இருக்கிறது என்று அவை முடிவு செய்துவிடும். பிடுங்கும்போது நகம் படும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். தின்னக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. தைப்பூசத்தையொட்டி இந்தப் பக்கமே மறந்துவிடுங்கள். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் இதே சாலையில் இருப்பதால் காவடிகளும் தண்ணீர்ப் பந்தல்களும் லட்சக்கணக்கான மக்களுமாகச் சாலை அடைபட்டுவிடும். மற்ற நாட்களில் கோயிலையும் மலையையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. கோயிலுக்கே 513 படிகள். அதை ஏறி இறங்கிய காலோடு மூன் கேட்டில் தொடங்குவது சரிப்படாது. கோயிலை முதல் நாள் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகள்

தண்டவாளத்தை ஒட்டியே கீழ் நிலையத்திலிருந்து ஏறும் மரபுப் பாதை ஒன்று உண்டு. தூரம் குறைவு, செங்குத்து மிக அதிகம், படிகள் ஏராளம். ரயிலின் பழைய இடைநிலையத்தையும் பாலத்தையும் அருகிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது. ஏறும் அடிவாரமும் ரயிலில் இறங்கும் அடிவாரமும் ஒன்றே என்பதால் காரில் வருகிறவர்களுக்கு வசதி. இறங்குவதற்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், நனைந்திருந்தால் அபாயம்.

ஆயர் ஈத்தாம் அணைப் பக்கமிருந்து காய்கறித் தோட்டங்கள் வழியாகவும் மேலே போகலாம். கிளைப்பாதைகள் நிறைய, உள்ளூர் நண்பர் இல்லாமல் வேண்டாம். பூங்காப் பக்கமிருந்து கேபிள் கார் அமைக்கும் திட்டமும் நடக்கிறது. அதன் வேலைகளுக்காக அந்தப் பக்கத்து நடைபாதைகளில் மாற்றுவழி விடக்கூடும் என்பதால் பலகைகளைப் பார்த்து நடங்கள்.

எத்தனை மணிக்கு

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பினாங்கில் பொழுது விடிவது ஏழு மணிக்கு மேல்தான் என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. சென்னையில் எழுகிற பழக்கத்தில் ஐந்தரை மணிக்குக் காட்டு வழியில் கால் வைத்தால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் டார்ச்சோடுதான் நடக்க வேண்டும். நடப்பவர்கள் ஏழு மணியை ஒட்டித் தொடங்கினால் பத்தரை மணிக்குள் மேலே இருக்கலாம். அதற்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு அரை மணியும் உடம்பை வருத்தும்.

ரயில் ஆறரை மணியளவிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஏழு மணி முதல் எட்டரை மணிக்குள் ஏறுகிறவருக்கு வார நாட்களில் வரிசையே இருக்காது. வார இறுதியிலும் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான்.

மேல் நிலைய முற்றம் பார்ப்பது கிழக்கை. ஜார்ஜ்டவுன், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள நீரிணை, 1985-இல் திறந்த முதல் பாலம், தெற்கே தள்ளி 2014-இல் திறந்த இரண்டாவது பாலம், அக்கரையில் பட்டர்வொர்த் எல்லாம் அந்தப் பக்கம். அதனால் காலையில் சூரியன் கண்ணுக்கு நேரே இருக்கும். நகரம் வெளுத்துத் தெரியும், படங்கள் சரியாக வராது. மாலை நான்கரை மணிக்கு மேல் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும்போதுதான் நகரத்தின் ஓடுகளும் கோபுரங்களும் துலங்கும். தெளிந்த நாளில் வடக்கே ஜெராய் மலையும் தெரியும். கடாரம் என்று நம் கல்வெட்டுகளில் படித்த மண்ணின் தலையடையாளம் அது; 1,217 மீட்டர். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அது தெரிவதற்கு நல்ல வாய்ப்பு. புகைமூட்டம் சூழும் வாரங்களில் பாலமே தெரியாது, மலையை அப்போது தள்ளிப்போடுவதே நல்லது.

முற்றம் கிழக்கைப் பார்ப்பதால் சூரியன் மறைவதை அங்கிருந்து பார்க்க முடியாது. மறைவைப் பார்க்கவென்றே மாலை ஏறிவந்து ஏமாறுகிறவர்கள் பலர். ஆனால் மறைந்த பின் அரை மணி நேரத்தில் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்க்க இந்த முற்றத்தைவிட நல்ல இடம் பினாங்கில் கிடையாது. ஏழரை முதல் எட்டு மணிக்குள் அந்தக் காட்சி. கேடு என்னவென்றால், எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் இறங்கக் கிளம்புவார்கள். எட்டு மணி வரிசையில் நிற்பதைவிட உணவுக்கூடத்தில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் இறங்குவது சுகம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, ரயில்காரர்களுக்கு இரண்டு நல்ல வேளைகள் உண்டு: ஏழு முதல் எட்டரை, அல்லது பிற்பகல் நான்கு மணி. நடுவில் உள்ள பொழுது உச்சி வெயிலுக்கும் பெருங்கூட்டத்துக்கும் உரியது. பிற்பகல் வேளையின் ஒரே அபாயம் மழை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகல் மழை அதிகம் என்பதால் அந்த மாதங்களில் காலையே நல்லது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மாலையைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம்.

மேலே போன பிறகு

ஊரைவிட ஐந்து பாகை குளிர்ச்சி. இதற்கு ஸ்வெட்டர் வேண்டியதில்லை. வியர்த்து ஏறியவர்களுக்கு மாற்றுச் சட்டை வேண்டும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ‘தி ஹேபிடட்’ என்ற மழைக்காட்டுப் பாதையைச் சொல்லலாம். மேல் நிலையத்திலிருந்து நடை தூரம். 1.6 கிலோமீட்டர் சமதளப் பாதை. 230 மீட்டர் நீளத்துக்கு மரங்களின் தலைக்கு நடுவே தொங்கும் நடைபாலம், தரையிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். அதற்கும் மேலே கர்ட்டிஸ் கிரெஸ்ட் என்ற வட்ட மேடை. அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவை 1884-இல் நிறுவிய சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயர் அது. முற்றத்தில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: நான்கு திசையும் தெரியும், மேற்கே அந்தமான் கடல் வரை. நுழைவுக் கட்டணம் ரயில் சீட்டைவிட அதிகம். முழுக்கச் சுற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். அரை மணிதான் இருக்கிறது, அல்லது மூடுபனி இறங்கியிருக்கிறது என்றால் வாங்காதீர்கள். பனிக்குள் அந்த மேடையில் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாலையில் சீக்கிரமே மூடிவிடுவதால் நான்கு மணிக்காரர்கள் மேலே வந்ததும் நேராக அங்கே போக வேண்டும். இந்தக் காடு 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்த நிலத்தின் பகுதி. ஓர் எல்லைக்குள் நகரமும், கை படாத மழைக்காடும் இவ்வளவு நெருங்கி நிற்பது அபூர்வம். அதற்காகவாவது ஒரு தடவை உள்ளே நடக்க வேண்டும்.

அருளொளித் திருமுருகன் கோயிலுக்குக் கட்டணம் இல்லை. மேல் நிலையத்திலிருந்து சில நிமிட ஏற்றம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மலைமேல் நிற்கும் சந்நிதி, பக்கத்திலேயே பள்ளிவாசல். உச்சி வேளையில் நடை சாத்தியிருக்கக்கூடும் என்பதால் காலையில் ஏறுகிறவர்கள் முதலில் இங்கே போய்விடுவது நல்லது.

கண்காட்சிகள், படம் எடுக்கும் மூலைகள், பூட்டு மாட்டும் கம்பிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணமோ காசோ கேட்பார்கள். குழந்தைகள் அடம்பிடித்தால் ஒழிய அவற்றுக்காக மலை ஏற வேண்டியதில்லை. வாடகை பக்கி வண்டிகள் (சிறிய திறந்த வண்டிகள்) பழைய ஆங்கிலேயர் பங்களாக்கள் இருக்கும் சாலைகளைச் சுற்றிக் காட்டும். பெரியவர்கள் உடன் இருந்தால் அது பயனுள்ள செலவு. நடக்க முடிந்தவர்களுக்கு அதே சாலை இலவசம். உணவுக்கூடத்தில் மீ கோரெங், ஐஸ் கச்சாங் எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் உண்பவர்களுக்குத் தேர்வு குறைவு. ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி புத்தர் கோயிலைச் சுற்றிச் சீனச் சைவ உணவகங்கள் இருப்பதால், இறங்கியபின் அந்தக் கோயிலையும் சாப்பாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆயர் ஈத்தாமின் பேர்பெற்ற லக்சா என்ற நூடுல்ஸ் உணவில் மீன் குழம்பே அடிப்படை என்பதை அவர்கள் நினைவில் வைக்கவும்.

யாருக்கு எது

எழுபது வயதுப் பெற்றோர், கைக்குழந்தை, ஒரே நாள்தான் பினாங்கில் என்றால் சாதாரணச் சீட்டில் ரயில், வார நாள், காலை எட்டு மணிக்குள். வேறு யோசனை தேவையில்லை. இவர்களே விடுமுறை நாளில்தான் வர முடியும் என்றால் விரைவு வரிசைக்குத் தயங்காதீர்கள். முதியவர்களை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துச் சேமிக்கும் பணம் பணமே அல்ல.

உடல் பலமுள்ள இளைஞர்கள் மூன் கேட்டில் ஏறி ரயிலில் இறங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. ஏறும் செலவு இல்லை, காட்டையும் பார்த்தாகிவிடும், முழங்காலும் தப்பும். பத்துப் பதினொரு மணிக்கு இறங்கும் வண்டிகளில் இடம் தாராளமாக இருக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் ஏறிக்கொண்டிருப்பார்கள். வரும்போது கார் எடுக்காமல் கிராப்பில் பூங்காவுக்கு வந்துவிட்டால் இரண்டு அடிவாரச் சிக்கலும் இல்லை.

நடக்க ஆசை, ஆனால் காடு பழக்கமில்லை என்றால் ஜீப் பாதை. 84 வரை போய்ப் பாருங்கள். மூச்சு வாங்குவது அடங்கவில்லை என்றால் அங்கேயே திரும்பி இறங்கிவிடலாம். பாதி மலையில் திரும்புகிற வசதி ரயில்காரர்களுக்குக் கிடையாது.

மாலையில் வருகிற ரயில்காரர்கள் திரும்பும் வண்டியையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். இரவு நேரத்தில் 204 பேருந்தை நம்ப முடியாது. கடைசி வண்டிகளில் இறங்கும் அத்தனை பேரும் ஒரே வாசலில் நின்று ஒரே நேரத்தில் கிராப் தேடும்போது கட்டணமும் ஏறும், வண்டியும் வராது. மேல் நிலையத்து வரிசையில் நிற்கும்போதே பதிவு செய்தால் ஓட்டுநர் காத்திருக்க மாட்டார். ரயில் புறப்பட்டதும் பதிவு செய்தால் கணக்குச் சரியாக இருக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் ஆயர் ஈத்தாம் முச்சந்திப் பக்கமாகச் சற்று நடந்து வாருங்கள், அங்கே வண்டி கிடைப்பது எளிது.